இரட்டையாகத் தெரியும் காசெல்லாம் இரட்டை அச்சுக் காசு அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சில மாதங்களாக எமது ஊர்க் குழுமங்களில் ஒரே மாதிரியான படம் திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளங்கையில் ஒரு செப்பு நிறக் குத்திக் காசு. அதில் ஆபிரகாம் லிங்கனின் தலை. ஆண்டு எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே "டபுள் கொயின், மிக அரிது, 3 இலட்சத்துக்குக் குறைவாகக் கேட்க வேண்டாம், உண்மையாக வாங்குபவர் மட்டும் இன்பொக்ஸ் வரவும்" என்று எழுதியிருக்கும்.

அமெரிக்கச் சதம் எமது கரையோரத்துக்கு எப்படி வந்தது என்று கேட்கத் தேவையில்லை. அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்க வருபவர்கள் பையில் கிடந்த சில்லறையை ஆட்டோக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைப் பையனுக்கும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வெளிநாட்டுத் தாளை வங்கியில் மாற்றலாம், குத்தியைப் பெரும்பாலும் எந்த வங்கியும் வாங்காது. ஆகவே அது பால்மா டின்னில் சேர்கிறது. 2025 நவம்பரில் பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசி ஒரு சதம் அடிக்கப்பட்டது என்ற செய்தி வந்ததும் எல்லோருடைய டின்னும் திறந்துவிட்டது. "நிறுத்திவிட்டார்கள், இனி விலை ஏறும்" என்ற பேச்சு. கோடி கோடியாக, வருடம் வருடமாக அடித்துக் குவித்த ஒரு காசு, இனி அடிக்கமாட்டோம் என்று சொன்ன மறுநாளே அரிதாகிவிடுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

"விற்கிறவன் விற்கட்டும், வாங்குகிறவன் வாங்கட்டும், வாத்தியாருக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது. எமது பக்கத்துத் தெருவில் ஓர் உம்மா, ஆட்டோ ஓட்டும் மகன் சேர்த்து வைத்த டின்னில் இருந்து ஒரு சதத்தைப் படம் பிடித்துப் பதிவிட்டார். இரண்டு நாளில் ஒரு "வெளிநாட்டுச் சேகரிப்பாளர்" வந்தார். 8 இலட்சம் தருவதாகச் சொன்னார். முதலில் பதிவுக் கட்டணம் 7,500 ரூபா கேட்டார், அனுப்பினார்கள். அடுத்து சுங்கக் கட்டணம் 25,000 ரூபா கேட்டார், காதுத் தோட்டை அடகு வைத்து அனுப்பினார்கள். அதோடு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. காசு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. நாம் வாங்கிப் பார்த்தோம். அதன் பெறுமதி ஒரு அமெரிக்கச் சதம்.

அவரைப் பேராசைக்காரி என்று பேசுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காசில் ஆண்டு எண் உண்மையாகவே இரண்டாகத் தெரிந்தது. இணையத்தில் ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்ற காசின் படத்திலும் ஆண்டு எண் இரண்டாகத்தான் தெரிந்தது. அவருடைய கண் பொய் சொல்லவில்லை. இந்த இரட்டைக்கும் அந்த இரட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இருக்கவில்லை. மோசடிக்காரன் வாழ்வது அந்த இடைவெளியில். அதை அடைக்க வேண்டிய வேலை படித்தவர்களுக்கு உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு.

பாடசாலை உதாரணம் ஒன்றில் இருந்து தொடங்குவோம். அதிபரின் அலுவலகத்தில் இறப்பர் முத்திரை இருக்கிறது அல்லவா? சான்றிதழில் குத்தும்போது கை அசைந்தால் எழுத்து இரட்டையாக விழும். அந்த ஒரு சான்றிதழில் மட்டும்தான் அப்படி. அடுத்ததில் சரியாக விழும். இனி, முத்திரை செய்து தந்த கடைக்காரரே இறப்பரில் எழுத்தை இரண்டு தடவை சற்று விலகலாகப் பதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதிபரின் கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் எல்லாச் சான்றிதழும் ஒரே மாதிரி இரட்டையாகவே வரும். மூன்றாவதாக, பத்து வருடம் குத்திக் குத்தி இறப்பர் உப்பிப் போய்விட்டது. எழுத்தின் ஓரத்தில் நிழல் மாதிரி ஒன்று விழுகிறது. மூன்றையும் தூரத்தில் இருந்து பார்த்தால் "இரட்டை" என்றுதான் சொல்வோம். ஆனால் முதலாவது கையின் குறை, இரண்டாவது முத்திரையின் குறை, மூன்றாவது வயதின் குறை. காசிலும் இதேதான். சேகரிப்பாளர்கள் பெரிய பணம் கொடுப்பது இரண்டாவதுக்கு மட்டும்.

காசு எப்படி அடிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் மனப்பாடமாகிவிடும். காசை அடிக்கும் உருக்கு அச்சை "டை" என்பார்கள். அதில் எழுத்தும் தலையும் குழிவாக, கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலம் மாறி இருக்கும். அந்த அச்சை ஒவ்வொன்றாகக் கையால் செதுக்குவதில்லை. எழுத்து மேடாக இருக்கும் இன்னொரு உருக்குக் கட்டையை மிகப் பெரிய அழுத்தத்தில் அதன் மேல் அழுத்தித்தான் அச்சு செய்கிறார்கள். அந்தக் கட்டைக்குப் பெயர் "ஹப்". நாம் தாய்க் கட்டை என்று வைத்துக்கொள்வோம். தாய்க் கட்டையில் இருந்து அச்சு, அச்சில் இருந்து காசு.

பழைய முறையில் ஓர் அழுத்தம் போதாது. ஒருமுறை அழுத்தியதும் உருக்கு இறுகிவிடும். அதை எடுத்துச் சூடாக்கி இளக்கி, ஆறவைத்து, திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்து மறுபடி அழுத்த வேண்டும். "அதே இடத்தில்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாவது தடவை அச்சு ஒரு மயிரிழை திரும்பி உட்கார்ந்துவிட்டால் அச்சிலேயே இரண்டு எழுத்து விழுந்துவிடும். பிறகு அந்த அச்சில் இருந்து வரும் ஒவ்வொரு காசும் ஒரே இரட்டையோடு பிறக்கும். இதற்குத்தான் இரட்டை அச்சு என்று பெயர். ஆங்கிலத்தில் "டபுள்ட் டை". "டபுள் டை" என்று பலர் எழுதுகிறார்கள். இரண்டு அச்சு இருந்தது என்று அர்த்தமாகிவிடும், அது பிழை. இருந்தது ஒரே அச்சு. அதற்குள் இரண்டு பதிவு.

இதில் மிகவும் பேர் போனது 1955ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் அடித்த ஒரு சதம். ஆண்டு எண், "லிபர்ட்டி" என்ற சொல், மேலே உள்ள "இன் கோட் வி டிரஸ்ட்" எல்லாம் கண்ணாடி இல்லாமலே இரண்டாகத் தெரியும். லிங்கனின் முகத்தில் மட்டும் அவ்வளவு தெரியாது. காரணம் எளிது. அச்சு நடுவை மையமாக வைத்துத் திரும்பியிருக்கிறது. சைக்கிள் சில்லு சற்றுத் திரும்பினால் நடுவில் அசைவு தெரியாது, ஓரத்தில்தான் தெரியும். பிழை கண்டுபிடிக்கப்பட்ட நேரத்தில் அந்தக் காசுகள் மற்ற நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. முழுக் குவியலையும் உருக்குவதை விட வெளியே விடுவது மேல் என்று முடிவெடுத்தார்கள். வெளியே போனவை 20,000 முதல் 24,000 வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சிகரெட் இயந்திரத்தில் 25 சதம் போட்டால் மிச்சக் காசு பெட்டியின் கண்ணாடித் தாளுக்குள்ளேயே வைத்து வருமாம். பலருக்கு இந்தக் காசு அப்படித்தான் கிடைத்தது என்று கதை. தேய்ந்த நிலையில் கூட இன்று ஆயிரம் டொலருக்கு மேல் போகும்.

இதைப் பார்த்துவிட்டு "எங்களிடமும் 1955 இருக்கிறது" என்று ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே ஆண்டில் இன்னொரு சதமும் உண்டு. அதில் ஆண்டின் கடைசி 5க்கு மட்டும் ஒரு நிழல் விழுந்திருக்கும். அது தேய்ந்துபோன அச்சின் வேலை, நாம் சொன்ன உப்பிய இறப்பர். அதற்கு வியாபாரிகள் வைத்த பட்டப் பெயர் "ஏழையின் இரட்டை அச்சு". எமக்கு அந்தப் பெயர் பிடிக்கவே பிடிக்காது. இரட்டை அச்சே இல்லாத ஒன்றுக்கு இரட்டை அச்சு என்று பெயர் வைத்து, முன்னால் "ஏழையின்" என்று சேர்த்து, யார் வாங்க வேண்டும் என்பதையும் பெயரிலேயே எழுதிவிட்டார்கள்.

இப்போது எல்லாரையும் குழப்பும் வகைக்கு வருவோம். எமது குழுமங்களில் வரும் பத்துப் படத்தில் எட்டாவது இதுதான். இயந்திர இரட்டை என்று சொல்லலாம். அச்சில் ஒரு குறையும் இல்லை. காசை அடிக்கும் இயந்திரத்தில் அச்சு இறுக்கமாகப் பூட்டப்படாமல் கொஞ்சம் ஆட்டம் கொடுக்கிறது. அடி விழுந்து எழுத்து மேடாக எழும்பிய பிறகு, அச்சு விலகும் நொடியில் பக்கவாட்டில் துள்ளி, எழும்பிய எழுத்தின் ஓரத்தைச் சீவித் தள்ளிவிடுகிறது. இது கை அசைந்த முத்திரை. நல்ல அச்சில் இருந்தே வரும், ஒரு காசில் இருக்கும், அடுத்ததில் குறையும், பிறகு இல்லாமல் போகும். இதற்குச் சேகரிப்பாளர் மேலதிகமாக எதுவும் கொடுப்பதில்லை.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைவில்லை போதும். மணிக்கூடு திருத்துபவரிடம் கூட இருக்கும். எழுத்தின் அகலத்தைப் பாருங்கள். உண்மையான இரட்டை அச்சில் எழுத்துக்கு மேல் எழுத்து சேர்ந்திருக்கிறது, ஆகவே எழுத்து தடித்துத் தெரியும். இரண்டு உருவமும் மேடாக, உருண்டையாக, கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும். எழுத்தின் மூலைகளில் சின்னதாக ஒரு பிளவு, மீன் வால் மாதிரி இருக்கும். இயந்திர இரட்டையில் புதிதாக எதுவும் சேரவில்லை, இருந்ததைத்தான் சீவியிருக்கிறது. ஆகவே எழுத்தின் மேற்பகுதி ஒடுங்கி, பக்கத்தில் ஒரு தட்டையான படி தெரியும். வீட்டு வாசற்படி மாதிரி, தாழ்வாக, தட்டையாக, பளபளப்பாக. சேர்ந்ததா, சீவியதா என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகினால் பாதிப் படங்களுக்கு நீங்களே பதில் சொல்வீர்கள்.

இன்னொரு சோதனை எமக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது கண்ணை நம்புவதை விட யோசிப்பதைக் கேட்கிறது. அமெரிக்கச் சதத்தில் ஆண்டுக்குக் கீழே சிலவேளை ஒரு சிறு எழுத்து இருக்கும். "டி" என்றால் டென்வர், "எஸ்" என்றால் சான் பிரான்சிஸ்கோ. எழுத்து இல்லையென்றால் பொதுவாகப் பிலடெல்பியா. 1989 வரை சதத்தில் அந்தச் சிறு எழுத்து தாய்க் கட்டையில் கிடையாது. அச்சு செய்து முடிந்த பிறகு ஒரு தொழிலாளி சின்ன உளியை வைத்துக் கையால் தட்டிப் பதித்தார். இப்போது யோசியுங்கள். தாய்க் கட்டையை இரண்டு தடவை அழுத்தியதால் ஆண்டு எண் இரட்டித்தது என்றால், தாய்க் கட்டையிலேயே இல்லாத அந்தச் சிறு எழுத்து எப்படி இரட்டிக்கும்? இரட்டிக்காது. ஆண்டும் சிறு எழுத்தும் ஒரே திசையில் ஒரே மாதிரி இரட்டித்திருந்தால், அந்த இரட்டை எல்லாம் பதிந்து முடிந்த பின், காசு அடிக்கும் நேரத்தில் வந்தது. அதாவது இயந்திர இரட்டை.

பக்கத்துத் தெரு உம்மாவின் காசு 1969, "எஸ்" எழுத்தோடு. அந்த ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் உண்மையான இரட்டை அச்சு ஒன்று உண்டு, அது மிக அரிது, பல்லாயிரம் டொலர் போகும். அதே ஆண்டின் அதே ஊர்க் காசில் இயந்திர இரட்டையோ தாராளம். உண்மையானதில் ஆண்டும் "லிபர்ட்டி"யும் தடித்து இரட்டித்திருக்கும், "எஸ்" ஒற்றையாக நிற்கும். உம்மாவின் காசில் "எஸ்"ஸும் சேர்ந்து சீவப்பட்டிருந்தது. அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்துக்கு ஆள் இல்லாமல் ஒரு சோடித் தோடு போய்விட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. 1969இன் அந்த உண்மையான காசு முதலில் வெளிப்பட்ட போது அமெரிக்க அரசாங்கமே அதை நம்பவில்லை. அதே காலத்தில் இரட்டை எழுத்தோடு கள்ளச் சதம் செய்தவர்கள் பிடிபட்டிருந்தார்கள். அதனால் நாட்டின் இரகசிய சேவைப் பிரிவு உண்மையான காசுகளையும் கள்ளக் காசு என்று பறிமுதல் செய்தது. பிறகுதான் அவை நாணயச் சாலையிலேயே பிறந்தவை என்று ஒப்புக்கொண்டார்கள். நாணயத்தைக் காக்கும் அரசாங்கத்துக்கே அந்தக் குழப்பம் என்றால், டின்னைத் திறந்த எமது உம்மாமார் மீது எப்படிக் குறை சொல்வது?

சரி, சிறு எழுத்து மட்டும் தனியாக இரட்டித்திருந்தால்? அது வேறு வகை. கையால் தட்டியவர் முதல் தட்டு சரியில்லை என்று இன்னொரு தட்டுத் தட்டியிருக்கிறார். சேகரிப்பாளர்களுக்கு அதிலும் ஆர்வம் உண்டு, பெரும்பாலும் சிறு தொகைதான்.

இரட்டை அச்சுக்குள்ளும் உட்பிரிவுகள் உண்டு. அறிஞர்கள் எட்டு வகுப்புகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் இங்கே ஒப்புவிக்கப் போவதில்லை, பரீட்சை வைக்கவும் மாட்டோம். இரண்டைச் சொன்னால் போதும். நடுவை மையமாக வைத்துத் திரும்பாமல் ஓரத்தில் ஒரு புள்ளியை வைத்துத் திரும்பினால், ஒரு பக்கம் இரட்டை நன்றாகத் தெரியும், எதிர்ப் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. 1995ஆம் ஆண்டின் சதம் அப்படி. "லிபர்ட்டி"யிலும் "இன் கோட்"டிலும் தெளிவு, ஆண்டு எண்ணில் அந்தளவு இல்லை. ஆண்டை மட்டும் வட்டம் போட்டுப் பார்ப்பவர்கள் கையில் இருக்கும் உண்மையான காசைத் தவறவிடுவதும் இதனால்தான். மற்றது இன்னும் சுவாரசியமானது. 1942ஆம் ஆண்டின் பத்துச் சதக் காசு ஒன்றில் 2க்குக் கீழே 1 தெரியும். முதல் அழுத்தம் 1941இன் தாய்க் கட்டை, இரண்டாவது அழுத்தம் 1942இன் தாய்க் கட்டை. ஆண்டு மாறும் காலத்தில் இரண்டு கட்டையும் மேசையில் கிடந்திருக்கிறது. பழைய வருடத்துத் திகதியைப் புது வருடத்தில் எழுதிவிட்டு மேலே திருத்தும் பிள்ளைகளை ஜனவரியில் பார்க்கும் எமக்கு இது புதிதல்ல.

"புதிய காசில் இரட்டை அச்சு வராது, இப்போதெல்லாம் ஒரே அழுத்தத்தில் செய்கிறார்கள்" என்று ஒரு தம்பி அடித்துச் சொன்னார். பாதி சரி. 1990களின் பிற்பகுதியில் ஒற்றை அழுத்த முறைக்கு மாறினார்கள். ஆனால் அச்சுக்கான உருக்குத் துண்டின் முகம் கூம்பு மாதிரி இருக்கும். அது கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து, அழுத்தம் ஏறும்போது நேராக வழுக்கினால், முதலில் தொட்ட நடுப்பகுதியில் சிறு இரட்டை விழுந்துவிடும். ஆகவே புதிய காசில் தேட வேண்டிய இடம் ஓரம் அல்ல, நடு. 2009இல் லிங்கனின் இருநூறாவது ஆண்டுக்காக வெளியிட்ட சதங்களில் ஒன்றில் இளைஞர் லிங்கன் மரக்கட்டையில் உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறார். அதன் சில அச்சுகளில் அவருடைய கையில் ஒரு விரல் கூடுதலாக முளைத்திருக்கும். அதுவும் இரட்டை அச்சுதான்.

1982க்குப் பிந்திய சதங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அதுவரை அது பெரும்பாலும் செம்பு, 3.11 கிராம். பிறகு அது துத்தநாகம், மேலே மெல்லிய செப்புப் பூச்சு, 2.5 கிராம். அடி விழும்போது எழுத்தின் ஓரத்தில் அந்தப் பூச்சு கிழிந்து, உள்ளே உள்ள சாம்பல் நிறம் கோடாகத் தெரியும். படத்தில் பார்த்தால் எழுத்துக்கு அருகில் இரண்டாவது எழுத்து நிற்பது போல் இருக்கும். நிறத்தைப் பாருங்கள். சாம்பல் கோடு என்றால் அது எழுத்தே இல்லை, கிழிசல்.

அடித்த காசு வெளியே போகாமல் அச்சுக்கிடையிலேயே சிக்கி, இன்னொரு அடியும் வாங்கினால் அது இரட்டை அடி. பெரும்பாலும் இரண்டாவது அடி விலகி விழுந்து, பாதித் தலை ஒரு பக்கம், பாதித் தலை மறுபக்கம் என்று குழம்பியிருக்கும். இதற்கும் விலை உண்டு, ஆனால் இது ஒவ்வொரு காசின் தனிக் கதை. இரட்டை அச்சுக்கோ கூடப் பிறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். உங்கள் காசைப் பதிவு செய்யப்பட்ட உண்மையான காசின் படத்தோடு வைத்தால், இரட்டையின் திசையும் அகலமும் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும். "கிட்டத்தட்ட அதே மாதிரி" என்று ஒன்று கிடையாது. ஒரே அச்சில் பிறந்தது என்றால் அதே. இல்லையென்றால் வேறு.

கள்ளக் காசையும் சொல்லிவிட வேண்டும். 1955ஐ நிறையப் பேர் போலியாகச் செய்திருக்கிறார்கள். உண்மையானதன் பின்பக்கம் "சென்ட்" என்ற சொல்லின் "டி" எழுத்தின் தண்டுக்கு இடப்பக்கம் அச்சை மினுக்கியபோது விழுந்த மெல்லிய சாய்கோடுகள் இருக்கும். இரட்டை இருப்பது முன்பக்கம், சாட்சி இருப்பது பின்பக்கம். ஒரு பக்கத்தை மட்டும் படம் போட்டு விற்பவரிடம் மறுபக்கத்தைக் கேளுங்கள்.

இனி எமது கருத்தை மறைக்காமல் சொல்கிறோம். குழுமங்களில் "டபுள்" என்ற ஒற்றைச் சொல்லோடு காசு விற்கும் பதிவை நிர்வாகிகள் விடக்கூடாது. இரண்டு பக்கமும் தெளிவான படம், கிராமில் நிறை, எந்த வகை இரட்டை என்று விற்பவர் நினைக்கிறார், இந்த மூன்றும் இல்லாத பதிவை நீக்க வேண்டும். கடுமையாகத் தோன்றலாம். ஆட்டோ விற்கும் பதிவில் ஆண்டும் இயந்திர நிலையும் கேட்கிறோம், மாடு விற்றால் பல்லைப் பார்க்கிறோம். 3 இலட்சம் சொல்லும் காசுக்கு மட்டும் ஏன் ஒரு சிவப்பு வட்டம் போதும்?

"நான் கேட்கிற விலையைக் கேட்கிறேன், வாங்குகிறவனுக்குக் கண் இல்லையா?" என்று ஒரு காக்கா எமக்கு எழுதியிருந்தார். கண் இருக்கிறது காக்கா. அந்த உம்மாவுக்கும் இருந்தது. இயந்திர இரட்டை என்று தெரிந்துகொண்டே "அரிய இரட்டை" என்று எழுதுவது, ஈரத் தானியத்தைக் குவியலின் அடியில் வைத்து மேலே காய்ந்ததைப் பரப்புவது. அந்தச் சம்பவத்தை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், பிள்ளைகள் வீட்டுக்கு வந்து எங்கள் பதிவுகளையும் பார்க்கிறார்கள். தெரியாமல் எழுதியவர்கள் வேறு, அவர்கள் மீது எமக்கு வருத்தம் இல்லை. தெரிந்த பின்னும் பதிவை அப்படியே வைத்திருப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

வேறொரு சகோதரர் நியாயமான கேள்வி கேட்டார். "இயந்திர இரட்டையும் பிழைதானே, அதற்கு மட்டும் ஏன் விலை இல்லை?" விலை என்பது உலோகத்தில் இருந்து வருவதில்லை, தேடுபவர்களிடம் இருந்து வருகிறது. அமெரிக்கச் சதத்துக்கு ஒவ்வொரு அச்சாக எண் கொடுத்துப் பட்டியலிட்டுத் தேடும் பெரிய கூட்டம் இருக்கிறது. பட்டியலிட வேண்டுமானால் அந்தப் பிழை ஒரே வடிவில் பல காசில் திரும்ப வர வேண்டும். இயந்திர இரட்டை ஒவ்வொரு அடியிலும் மாறுவதால் பட்டியலிட முடியாது, ஆகவே தேட முடியாது. எமது ரூபாக் குத்திகளில் இரட்டை தேடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அவற்றுக்கு அப்படி அச்சு அச்சாகத் தேடும் அந்தளவு பெரிய கூட்டம் இல்லை. நீங்கள் கண்டுபிடித்தது உண்மையான இரட்டை அச்சாகவே இருந்தாலும், 1955இன் விலையை அதற்கு ஒட்ட முடியாது.

அதற்காகப் பிள்ளைகளின் கையில் இருந்து டின்னைப் பிடுங்காதீர்கள். கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் வில்லையைப் பிடித்து அவதானிக்க வைப்பதற்கு இலை, பூச்சி, உப்புப் பளிங்கு என்று தேடி அலைந்தோம். ஒரு டின் பழைய காசு அதை விட நல்ல பாட உபகரணம். இயந்திர இரட்டைக் காசு விற்பனைக்கு உதவாது, ஆனால் படிப்பிக்க அதை விடச் சிறந்தது இல்லை. சேர்ந்ததா, சீவியதா என்று எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர் அரை மணித்தியாலம் வாதாடியதைப் பார்த்தோம். ஒருவர் கூட விலை கேட்கவில்லை.

முன்பணம் கேட்பவர்கள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. காசு வாங்குபவர் காசு தருவார், காசு கேட்கமாட்டார். பதிவுக் கட்டணம், சுங்கம், காப்புறுதி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் துண்டித்துவிட்டு வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் வங்கிச் சிட்டையையும் உரையாடலின் படங்களையும் எடுத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் எமது வீட்டுக் கதவு அஸருக்குப் பிறகு திறந்திருக்கும்.

படம் அனுப்ப விரும்புபவர்களுக்குச் சில சொற்கள். இரண்டு மின்விளக்குக்குக் கீழே எடுத்தால் எழுத்துக்கு இரண்டு நிழல் விழும், நாம் மறுபடி அதைப் பற்றியே பேச வேண்டி வரும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், காசைக் கையில் பிடிக்காமல் வெள்ளைத் தாளில் வைத்து, இரண்டு பக்கமும் எடுங்கள். பிறகு காசைக் கால் வட்டம் திருப்பி இன்னொரு தடவை எடுங்கள். நிழல் என்றால் இடம் மாறும், எழுத்து என்றால் மாறாது. தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், சாம்பல் போட்டும் தேய்க்காதீர்கள். சென்ற வாரம் வந்த நான்கு காசில் மூன்று கண்ணாடி மாதிரி மினுங்கின. அவற்றில் ஆண்டு எண்ணின் ஓரம் எல்லாம் தேய்ந்து, எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில் இருந்தன.